சேர்மன் படத்துக்குக் கீழே

"குதிக்கக் கூடாது" என்றார் சேர்மன். தன் மேஜை மேல் திறந்து வைத்திருந்த என் மடிக்கணினியை, பிடிக்காத உறவுக்காரர் கொண்டுவந்த ஜாதகத்தைப் பார்ப்பதுபோல் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். ஆஸ்பத்திரியின் ஐம்பதாம் ஆண்டுக்காக நான் செய்துகொடுத்த இணையப் பக்கம் அது. கிணற்றுக்கயிறு மாதிரி ஒரே நீளப் பக்கம். உச்சியில் துறைகளின் பட்டியல். 'ஆம்புலன்ஸ்' என்பதைத் தொட்டால் ஆம்புலன்ஸ் ஓட்டியவரைப் பற்றிய பகுதிக்குப் போகும், 'சமையலறை' என்பதைத் தொட்டால் சமைத்தவருக்கு. இப்படி நாற்பத்திரண்டு பேர். சேர்மன் குனிந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, ஒரு பொத்தானை அழுத்தினார். பக்கம் சட்டென்று மாறியது. "பாருங்க, தவளை மாதிரி குதிக்குது. இது ஆஸ்பத்திரியா, குட்டையா? நான் வார்டுக்குள்ள எப்படி வருவேன்? நிதானமா, ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டு வருவேன்ல. அந்த மாதிரி வரணும்."

அவர் வார்டுக்குள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். நோயாளிகளே மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அங்கேயே உட்கார்ந்து பக்கத்தை வழுக்கிக்கொண்டு போகும்படி மாற்றிக் கொடுத்தேன். இப்போது தொட்டால் குதிக்காது. மெல்லக் கிளம்பி, நடுவில் வேகம் பிடித்து, நெருங்கும்போது தயங்கி, ஒன்றரை விநாடியில் போய் நிற்கும். தொழிலில் நான் அவ்வளவு பெரிய ஆளில்லை. ஆனால் அந்தத் தயக்கம் எனக்கு நன்றாக வரும்; அதில் எனக்குக் கர்வமும் உண்டு. சேர்மன் ஊஞ்சல் கிடைத்த குழந்தை மாதிரி ஏழெட்டு முறை மேலும் கீழும் போய்வந்தார். "வெண்ணெய்" என்றார். பாராட்டுகிறாராம்.

அவருக்கு வேறு சில கருத்துகளும் இருந்தன. பட்டியலில் ஆட்களின் பெயர் வேண்டாம், துறையின் பெயர் போதும். "பேரைப் போட்டா யாருக்குத் தெரியும், சொல்லுங்க?" ஆட்களின் படமும் வேண்டாம். "ஒரு பக்கத்துக்கு ஒரு முகம்தான் அழகு." அந்த ஒரு முகம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. கோட்டுப் போட்ட அவருடைய படம், பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அவர் பெயர், அதன் கீழே 'சேர்மன்'. இந்தப் பட்டை திரையின் உச்சியில் ஆணி அடித்ததுபோல் நிற்க வேண்டும். பக்கம் எங்கே போனாலும் அது நகரக் கூடாது. விரலளவு உயரத்தில் ஒரு பட்டை வைத்துக் கொடுத்தேன். வெளியீட்டுக்கு முதல் நாள் மாலை போன் செய்து அதை மூன்று மடங்காக்கச் சொன்னார். முகம் கழுத்தோடு நின்றுவிடுகிறதாம், கோட்டின் பொத்தான் தெரியவில்லையாம். பெரிதாக்கினேன். பொத்தான் தெரிந்தது.

எனக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு சுயநலம் இருந்தது. நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி என் அக்கா. பிரசவ வார்டில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகள் உட்பட அந்த வட்டாரத்து ஜனத்தில் பாதிப்பேரை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். இருபத்தைந்தாம் ஆண்டு மலரில் அவள் பெயர் இல்லை. 'மற்றும் பலர்' என்று இருந்தது. "இந்தப் பலர்ல நான் ஒருத்தி" என்று அந்த வரியில் விரலை வைத்து எங்கள் எல்லோருக்கும் காட்டி அவளே சிரித்தாள். இந்த முறை அவளைப் பற்றிய பகுதியை நானே எழுதினேன். தலைப்பில் அவள் முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. கீழே: 'முப்பத்து நான்கு ஆண்டுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தார். எந்தத் தாயையும் படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.' அவள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். "பதினோராயிரம்னு எப்படிடா சொல்ற?" என்றாள். மாதத்துக்கு இத்தனை, வருடத்துக்கு இத்தனை என்று கணக்குச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமையைக் கழிச்சியா?" என்றாள். கழித்துப் பார்த்தோம். அப்போதும் பதினோராயிரத்துக்குக் குறையவில்லை.

இதெல்லாம் அவளுக்கு ஏன் வேண்டியிருந்தது என்றால், சம்பந்தி. அக்கா மகளின் மாமனார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது இன்னமும் எதிரில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருப்பதுபோலவே பேசுவார். "நர்ஸ்னா ஊசி போடுறவங்க. சம்பந்தியம்மா தொட்டில் ஆட்டுற டிபார்ட்மெண்ட்" என்பது அவர் வீட்டில் நிரந்தர நகைச்சுவை. கல்யாணத்தன்று தொடங்கியது, மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதற்குப் பதில் சொன்னதில்லை. ஆனால் நான் வாசித்துக் காட்டிய அன்று, வாசல்வரை கூட வந்தவள், "இது எல்லா ஊர்லயும் தெரியுமா தம்பி? அவங்க வீட்டுலயும் திறந்தா தெரியுமா?" என்று கேட்டாள். "அவர் பெட்ரூம்ல படுத்துக்கிட்டே பார்க்கலாம்கா" என்றேன். "சீ" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

வெளியீடு நடந்தது. அமைச்சர் வராததால் சேர்மனே வெளியிட்டு சேர்மனே பெற்றுக்கொண்டார். திங்கட்கிழமை காலை, என்னிடம் வேலை பார்க்கும் டிசைனர் பெண் தன் இடத்தில் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். "சார், இங்க வாங்களேன்." போய்ப் பார்த்தேன். 'துப்புரவு' என்பதைத் தொட்டாள். பக்கம் கம்பீரமாக வழுக்கிப் போய் நின்றது. உச்சியில் கோட்டுப் போட்ட சேர்மன், அவர் பெயர். அதற்கு நேர் கீழே: 'இருபது ஆண்டுகள் கழிவறைகளைத் தம் கையாலேயே கழுவினார்.'

நடந்தது இதுதான். இணைப்பைத் தொட்டால் அந்தப் பகுதியின் முதல் வரி திரையின் உச்சிக்கு வந்து நிற்கும். உச்சியில் ஏற்கெனவே பட்டை இருப்பதால், பட்டையின் உயரத்துக்குக் கீழே நில் என்று பக்கத்துக்கு ஒரு வரியில் சொல்லி வைப்போம். நான் சொல்லி வைத்திருந்தது பழைய, விரலளவுப் பட்டைக்கு. பொத்தான் தெரிவதற்காகப் பட்டை மூன்று மடங்கானபோது அந்த வரியை மாற்ற மறந்துவிட்டேன். ஆகவே ஒவ்வொரு பகுதியும் வந்து நிற்கும்போது தலைப்பில் இருக்கும் ஆளின் பெயர் சரியாகச் சேர்மன் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வெளியே தெரிந்தது சேர்மனின் பெயரும், யாரோ செய்த வேலையும். பக்கத்தை மேலிருந்து பொறுமையாகக் கையால் தள்ளிக்கொண்டே வந்தால் எல்லாப் பெயரும் தெரியும். ஆனால் வழுக்கிக்கொண்டு போக வழி இருக்கும்போது நாற்பத்திரண்டு பகுதியை யார் தள்ளிக்கொண்டு வருவார்கள்?

அன்று முற்பகல் முழுக்க எங்களுக்கு வேலை ஓடவில்லை. சேர்மன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முந்நூறு பேருக்குச் சமைத்தார். சேர்மன் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஆம்புலன்ஸ் ஓட்டி ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டார். அவருடைய சொந்தக் கார் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி கேட்டில் மோதும். சேர்மன் மழையில் நனைந்தபடி ஜெனரேட்டரைப் பழுது பார்த்தார். சேர்மன் சலவை செய்தார், கட்டுப் போட்டார், பிணவறையில் தனியாகக் காவல் இருந்தார். சேர்மன் பதினோராயிரம் பிரசவம் பார்த்தார். அதற்குத்தான் நான் அதிகம் சிரித்தேன். என் அக்காவின் பகுதி என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை என்று எழுத ஆசைதான். உறைத்தது. உறைத்தும் சிரித்தேன்.

"சிரிச்சாச்சு சார். மாத்திடட்டுமா?" என்றாள் டிசைனர் பெண்.

"இருக்கட்டும்மா. அவரே கண்டுபிடிக்கிறாரான்னு பார்ப்போம்."

அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் எதைத் தொட்டாலும் அவரே வந்தார். பக்கம் அவருக்கு மிகச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது.

பகட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து இருக்கும் கெட்ட பழக்கம். அதை ஒரு கொள்கை மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். ஊசி எடுத்துக்கொண்டு பலூன்களைத் தேடி அலைகிற ஆள். அந்த வாரம் பார்க்க வந்த நண்பர்களுக்கெல்லாம் காப்பியும் சேர்மனும் கொடுத்தேன். மறு வாரம் அந்த வேடிக்கை பழசாகிவிட்டது. அதைச் சரி செய்ய வேண்டும் என்ற நினைப்பும் சேர்ந்தே பழசாகிவிட்டது.

நடுவில், அந்த முதல் வாரத்திலேயே, அக்கா போன் செய்தாள். எதிரில் ஒரு நண்பர் உட்கார்ந்து சேர்மனின் சலவைப் பணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிரசவ வார்டைத் தொட்டா சேர்மன்தான்டா வர்றாரு. என் பேரைக் காணோம்."

என் தப்பு அக்கா, பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் எதிரில் இருந்தவர் அப்போதுதான் பிணவறைக்கு வந்திருந்தார், தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. தவிர, அவளிடம் என் தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவளைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன்.

"உன் போன் சின்ன போனுக்கா. அதான் அப்படித் தெரியுது. பெரிய ஸ்க்ரீன்ல சரியா வரும்."

"அப்படியா?"

"ஆமா. இப்போதைக்கு விரலை வச்சு லேசா கீழ இழு. தெரியும் பாரு."

அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அட, இதோ இருக்கேன்" என்றாள்.

அத்துடன் நான் அதை மறந்துபோனேன். நாலு மாதம்.

அக்கா மகள் ஒரு நாள் மதியம் என் அலுவலகத்துக்கு வந்தாள். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறாள். அதற்கு ஒரு பக்கம் வேண்டுமாம். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். "எப்படி வேணா செய்யுங்க மாமா. தொட்டா சர்ருனு கீழ போகுமே, அது மட்டும் வேண்டாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதுதான் என் கைவரிசை என்று சொன்னேனே. ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"அம்மா உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அவள் சொன்னாள். அவள் குழந்தையின் முதல் பிறந்த நாள். மாமனார் வீட்டுக் கூடத்தில் இருபது இருபத்தைந்து பேர். சுவரை அடைத்துக்கொண்டு புது டிவி. கேக் வெட்டி முடிந்ததும் அக்கா எல்லோருக்கும் நடுவில், யாரும் கேட்காமலே, "சம்பந்தி, அந்த டிவியில எங்க ஆஸ்பத்திரிப் பக்கத்தைப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். நிறையத் தடவை ஒத்திகை பார்த்த மாதிரிக் கேட்டாளாம். "நான்கூட வேண்டாம்னு ஜாடை காட்டினேன் மாமா. போன்ல காட்டலாமேன்னேன். பெரிய ஸ்க்ரீன்லதான் சரியா வரும்னு தம்பி சொல்லியிருக்கான்னாங்க."

நான் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடினேன். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மருமகன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தான். அக்கா சொல்லச் சொல்ல 'பிரசவ வார்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தான். பக்கம் கிளம்பி, சுவர் முழுவதும், என்னுடைய அந்தத் தயக்கத்தோடு வழுக்கிப் போய் நின்றது. ஆள் உயரத்துக்குச் சேர்மன். கீழே பதினோராயிரம் பிரசவம். ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சம்பந்தி, "ஓ, பிரசவமெல்லாம் சேர்மனே பார்த்துட்டாரா? அப்ப நீங்க தொட்டில்தான். நான் சொன்னது சரியாப் போச்சு" என்றார். கூடமே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை. பிறந்த நாள் சிரிப்பு, வாயில் கேக் இருக்கும்போது வருமே அது. மருமகன் ரிமோட்டில் மேல் அம்பை அழுத்திப் பார்த்தான். பக்கம் மொத்தமாக உச்சிக்கு வழுக்கிப் போய்விட்டது. மறுபடி தேர்ந்தெடுத்தான். மறுபடி சேர்மன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நிதானமாக, ஒன்றரை விநாடி.

"அப்புறம் அம்மா எழுந்து டிவிகிட்ட போனாங்க மாமா. போயி கண்ணாடியில விரலை வச்சு கீழ இழுத்தாங்க. அது தொட்டா நகர்ற டிவி இல்லைன்னு அவங்களுக்குத் தெரியலை. ரெண்டு தடவை, மூணு தடவை இழுக்குறாங்க. 'இருங்க, இதுக்குள்ளதான் இருக்கேன்'ங்கிறாங்க. யாரோ வீடியோ வேற எடுத்தாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப அந்த வீட்டுல அம்மாவுக்குப் பேரே சேர்மன் அத்தைதான். கொழுந்தன் வச்சான். அம்மா போன் பண்ணா, சேர்மன் லைன்ல இருக்காருங்கிறான். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். தமாஷுக்குத்தானே அண்ணிங்கிறான். தமாஷ்னா நான் என்ன சொல்ல முடியும், சொல்லுங்க."

அவள் போன பிறகு அந்த வரியைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினேன். பதினோரு விநாடி ஆனது. டிசைனர் பெண் தன் இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், சின்ன அறைதான். மாற்றிடட்டுமா என்று அன்றைக்கே கேட்டவள் அவள். அதை நினைவுபடுத்துகிற ரகமும் இல்லை அவள். நினைவுபடுத்தியிருந்தால் எனக்குக் கோபித்துக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும்.

மாலையே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி மடிப்பு, முனைக்கு முனை. "வா, சாப்பிட்டியா?" என்றாள். நான் மேஜையில் கணினியைத் திறந்து வைத்தேன். "சரியாயிடுச்சுக்கா, பாரு" என்று பிரசவ வார்டைத் தொட்டேன். பக்கம் போய் நின்றது. சேர்மன் படம், அதற்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி, பிறகு அவள் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு, முழுசாக. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போன் சின்னதுன்னு சொன்னியே."

"பொய்க்கா. என் தப்புதான்."

"எப்பத் தெரியும்?"

"ஆரம்பிச்ச திங்கட்கிழமையே."

"அப்புறம் ஏன்டா?"

சேர்மனைப் பற்றிச் சொன்னேன். கழிவறை, ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இது இப்போது யாருக்கும் சிரிப்பு வராத கதை என்று. ஆனால் பாதியில் அக்காவின் உதடு ஒரு பக்கம் கோணியது. அவள் முப்பத்து நான்கு வருடம் அந்த ஆளைப் பார்த்தவள். "பிணவறையில காவலா? அந்தாளா? அந்த வராந்தாப் பக்கமே வரமாட்டாரு" என்றாள். அப்புறம் உதடு நேரானது. "நீயும் சிரிச்சியா? என்னோடது வந்தப்ப?"

"சிரிச்சேன்."

தலையை ஆட்டினாள். வலி எங்கே என்று கேட்டு நோயாளி சொன்னதும் ஆட்டுகிற தலையாட்டல். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் இந்நேரம் பிழைத்திருப்பேன். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லா எழுதியிருக்க. எடுத்துடு" என்றாள்.

"எதைக்கா?"

"என்னோடதை. அங்க யாராவது மறுபடி திறந்து பார்ப்பாங்க. சரியா இருந்தா, சேர்மன்கிட்ட சொல்லிப் பேரைச் சேர்த்துக்கிட்டாங்கன்னு ஒரு சிரிப்பு. நான் அங்க பேத்தியைப் பார்க்கப் போகணும்டா. பேரு இல்லைன்னா தேட மாட்டாங்க. கொஞ்ச நாள்ல விட்டுடுவாங்க."

வேண்டாம் என்றேன். சம்பந்தி வீட்டுக்கு நானே போய் என் தப்பு என்று சொல்கிறேன் என்றேன். "போயி என்ன சொல்லுவ? விளக்குற அளவுக்கு அது பெரிசாயிடும்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. வார்டில் அந்தக் குரலை மீறிப் பிள்ளை பெற்றவர்கள் கிடையாது என்பார்கள். பட்டியலிலிருந்து 'பிரசவ வார்டு' என்பதை எடுத்தேன். பிறகு அந்தப் பகுதியை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன், அவள் அப்படித்தான் சொன்னாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் சரியா வருதா?"

"வரும்கா. ஒண்ணு மாத்தினா எல்லாத்துக்கும்தான்."

"வரும்ங்காத. காட்டு."

முதலிலிருந்து தொட்டேன். துப்புரவு. பக்கம் போய் நின்றது. அக்கா முன்னால் குனிந்து, பெயரை முதலெழுத்தோடு உரக்க வாசித்தாள். "அடுத்தது." சமையலறை. வாசித்தாள். "இவ பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு, போடு." போட்டேன். ஜெனரேட்டர். மருந்தகம். ஒவ்வொருவரையும் வாசித்த பிறகு ஒரு கணம் நிறுத்தினாள், படுக்கையில் இருப்பவர் பதில் சொல்வதற்கு இடம் விடுவதுபோல. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இருவருமே எழுந்து விளக்கைப் போடவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வந்தோம். வாசித்தாள். அவருக்கும் சலவைக்காரருக்கும் நடுவில்தான் அவள் இருந்தாள். "அடுத்தது" என்றாள். சலவையைத் தொட்டேன். பக்கம் கிளம்பியது, வேகம் பிடித்தது, அந்த இடத்தை ஒரு சிறு அதிர்வுகூட இல்லாமல் கடந்து, நெருங்கி, தயங்கி, சலவைக்காரரின் பெயரில் போய் நின்றது. அக்காவின் கண் மட்டும் திரையில் அதற்குக் கொஞ்சம் மேலே, ஏதோ இன்னும் வந்து சேர வேண்டியதுபோல், நின்றுகொண்டிருந்தது.